கழிவு போகப் பன்னிரண்டு சொல்

1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10 மணி 50 நிமிடம். விடிந்ததிலிருந்து மூன்று தடவை பெய்து மூன்று தடவை விட்ட மழை நான்காவது தடவைக்குக் கறுத்துக்கொண்டிருந்தது. கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துக்கு இரண்டேகால் மைல் கீழே இருந்த கடைவீதித் தபால் கந்தோருக்கு ஐந்து படிகள். மூடுபனி அதில் இரண்டாம் படிவரை ஏறியிருந்தது. உள்ளே ஒரு மேசை, அதன்மேல் பித்தளைத் தந்திக் கட்டை, அதன் முன்னால் முக்காலியில் நான். வயது பன்னிரண்டு வருடம் நான்கு மாதம். எனக்குப் பின்னால் நின்ற அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் நான் எழுபது எழுத்துகளைத் தட்டி முடிக்க வேண்டும். பிழை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. போகாவிட்டால் எங்கள் குடும்பம் இலங்கையில் இருக்கும். போனால் இந்தியாவுக்குப் போகும்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் அந்த வருடம் அந்த விண்ணப்பத் தாள் நான்காக மடித்து இருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, உனக்கு எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். குடும்பத் தலைவர் போடும் ஒரு கையெழுத்து வீட்டில் உள்ள எல்லாத் தலைகளுக்கும் சேர்த்து. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் நான்கு வீட்டார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் இங்கே, சிவப்பு வந்தால் அங்கே. இரண்டு வீட்டார் அண்ணன் எழுதியதைப் பார்த்துத் தம்பி எழுதினார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் தந்தியை வைத்து முடிவு செய்யப் பார்த்தோம்.

அது வந்த விதம் சொல்கிறேன். துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த அப்பு, குப்பையில் போடச் சொன்ன ஒரு பழைய நாட்குறிப்பை எனக்குக் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் நிறை அளவை, தூர அளவை, முத்திரைக் கட்டணம் எல்லாம் போட்டு, 187ஆம் பக்கத்தில் தந்தி எழுத்துகளின் அட்டவணை இருந்தது. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு புள்ளியும் கோடுமான வரிசை. எனக்கு எண்ணக்கூடிய எதையும் விட முடியாது. இன்றைக்கும் அப்படித்தான், மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணித் தந்த பிறகு அவர் முன்னாலேயே திரும்ப எண்ணி அவரிடம் ஏச்சு வாங்குகிறேன். நான்கு நாளில் இருபத்தாறு எழுத்தும் பாடம்.

அப்புவே பங்களாவின் கெட்டுப்போன அழைப்பு மணி ஒன்றையும் தந்தார். மணியின் கிண்ணத்தைக் கழற்றிவிட்டால் அது ஈ இரைவதுபோல இரையும். டின்மீன் தகரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பலகையில் ஆணியடித்துக் கட்டை செய்தேன். தகரம் ஒட்டிக்கொண்டது, நழுவியது, ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக இரைந்தது. அதைச் சரியாக்கித் தந்தவர் என் மாமன் மகன். அம்மாவின் அண்ணன் மகன். இருபது வயது, தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. ஒரு சின்னப் பித்தளைக் குமிழை அரத்தால் தேய்த்துத் தகரத்தின் நுனியில் பற்ற வைத்து, "மாப்புள, இப்ப தட்டிப் பாரு, வெண்ண மாதிரி போகும்" என்றார். போயிற்று. அவர் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்து என் கட்டையைப் பற்றி விசாரித்தார். கட்டைக்காகத்தான் வருகிறார் என்று நான் நம்பினேன். என்ன இருந்தாலும் எனக்குப் பன்னிரண்டு வயது.

இத்தோடு இது விளையாட்டாகவே முடிந்திருக்கும். ஆனால் அப்பா முத்திரை வாங்கப் போன இடத்தில் தபால் மாஸ்டரிடம் என்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். மாஸ்டர் மிச்சச் சில்லறையை எண்ணிக்கொண்டே, நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல், மூன்று பிழைக்குள் அனுப்பத் தெரிந்தால், இந்த நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், பதினெட்டு வயதில் தந்தி வேலைக்கு எழுதிப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். முத்திரை வாங்க வந்தவரிடம் பேச்சுக்குச் சொன்னது. அப்பா அதைச் சாசனம்போல வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அப்பா கங்காணி. அவருக்குக் கீழே முப்பத்துநான்கு ஆட்கள் கொழுந்து எடுத்தார்கள். அவருடைய உலகத்தில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதைத் தராசு சொல்லும். அன்று பின்னேரம், ஜூலை 20ஆம் திகதி, ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"இந்தா பாருங்க. தம்பிக்கு அந்த வேகம் வந்திருச்சுன்னா இங்கயே எழுதிருவோம். கவுருமெண்டு வேல. வரலன்னா என்னாத்துக்கு இந்தக் குளுருல கெடக்கணும்? ஒங்க அண்ணன் குடும்பத்தோட சேர்ந்து இந்தியாவுக்கே போயிருவோம்."

அம்மா, "எழுதுறத எங்கிட்ட கேட்டா எழுதப் போறீங்க" என்றாள்.

"பன்னெண்டு சொல்லுன்னா அறுவது எழுத்துப்பா" என்றேன் நான். அஞ்சு எழுத்து ஒரு சொல் என்று நாட்குறிப்பில் போட்டிருந்தது.

"பன்னெண்டு போதாது. பதினாலு வேணும்."

"மாஸ்டர் ஐயா பன்னெண்டுன்னுதானே சொன்னாரு?"

"ஈரக் கொழுந்துக்குக் கழிவு போடுறாங்களா இல்லியா? கூடைக்கு ஒரு றாத்தல், ஈரத்துக்கு ஒரு றாத்தல். நீ வீட்டுல ஒக்காந்து தட்டுறது ஈரக் கொழுந்துடா. ரெண்டு கழிவு போகப் பன்னெண்டு நிக்கணும்."

இப்படித்தான் அறுபது எழுபதாயிற்று. நிமிடத்துக்கு எழுபது எழுத்து. அட்டவணையில் இல்லாத பத்து எழுத்தை எங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்து அப்பா கொண்டுவந்து என் தலையில் வைத்தார்.

அனுப்புகிறவனுக்கு வாங்குகிறவர் ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இருந்தவள் அக்கா. பதினேழு வயது. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள். ஆங்கில எழுத்துகளை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதை வைத்து வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையும் சட்டி, பானை, அகப்பையையும் ஆங்கில எழுத்தில் எழுதிச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆங்கிலச் சொல் ஒன்றும் தெரியாது. அது நல்லதாகவே இருந்தது, ஏனென்றால் சொல் தெரிந்தவன் பாதியில் ஊகித்து எழுதிவிடுவான். மலையில் இருந்து வந்து, கால் கழுவி, இஸ்தோப்பு என்ற முன்திண்ணையில் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். நான் உள்ளே காம்பராவில் இருந்து கதவு வழியாக அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டு தட்டுவேன். பள்ளி ஆங்கில வாசிப்புப் புத்தகத்தில், அப்பா கழிவு போட்ட பிறகு, எழுபது எழுத்து ஒரு தடவை. பின்னேரத்துக்கு இரண்டு தடவை. முடிந்ததும் அவள் தாளையும் புத்தகத்தையும் வைத்துப் பிழை பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பதிந்தேன்: திகதி, எத்தனை வினாடி, எத்தனை பிழை.

அப்பா கழிவு போடுவதற்கு முன்பே, ஜூலை 14ஆம் திகதி, விளையாட்டாகத் தொடங்கியது. முதல் ஆறு பின்னேரங்களில் பிழைகள் பதினேழு, பதினைந்து, பதினெட்டு, பன்னிரண்டு என்று குளறுபடியாக இருந்தன. அதற்குக் காரணம் நான். கோடு என்பது புள்ளியைப்போல மூன்று மடங்கு நீளம் என்று அட்டவணையில் அச்சடித்திருந்தும், குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ்ப் பாடத்தில் படித்ததை நம்பிக் கோட்டை இரண்டு மடங்காகவே இழுத்தேன். வேகம் கூடினால் எது புள்ளி எது கோடு என்று எனக்கே தெரியாது. "ஏண்டா எல்லாத்தையும் ஒரே மாதிரி கத்த விடுற? கோழியும் குஞ்சும் தெரிய வேணாமா?" என்று அக்காதான் கேட்டாள். மூன்று மடங்காக்கியதும் பிழை ஏழு ஆயிற்று.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னைச் சீரழித்தது. வேகம் ஏறியது. எழுபது எழுத்துக்கு நூற்றுப் பத்து வினாடி எடுத்தவன், தொண்ணூறு, எண்பது, எழுபத்தொன்று என்று வந்தேன். ஆனால் பிழை நான்கில் நின்றது. நான்கு. மறுநாளும் நான்கு. மணிக்கட்டை மேசையில் ஊன்றித் தட்டினேன், ஊன்றாமல் தட்டினேன். இரண்டு விரலால், மூன்று விரலால். நான்கு. பெட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, அம்மா கோழிமுட்டை விற்று வைத்திருந்த காசில் புதிதாக இரண்டு வாங்கினேன். நான்கு. கட்டையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்; பித்தளைக் குமிழ் கழன்று கட்டிலுக்கு அடியில் போய், விளக்கோடு அரை மணி நேரம் தேடினேன். மாமன் மகன் மறுபடியும் பற்ற வைத்துத் தந்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவரைத் தட்டி, "அடேய், ஒன் வண்ட அடைச்சு வைடா! பீடி குடிச்ச வண்டு மாதிரி மூச்சு விடாமக் கத்துது" என்று தினமும் கத்துவாள்.

அப்பா ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "எத்தன?"

"நாலு."

"ம்."

அந்த 'ம்'முக்கு அடி தேவலை. தான் பெற்றதை நிறுத்துப் பார்த்து நிறை குறைவாக வந்த மனிதரின் 'ம்' அது. ஒருநாள் கொப்பியைப் புரட்டி, "கையி வேகமாப் போவுது, ஆனா சுத்தம் பத்தாது. பழுத்த எல கலந்த கொழுந்து" என்றார். நான் சாப்பிடாமல் படுத்தேன்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி, வெளியே மழை, செய்ய ஒன்றுமில்லாமல் கொப்பியில் பிழைப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். ஜூலை 20 வரை எண்கள் தாறுமாறு. அதற்கு மறுநாளில் இருந்து இருபத்துநான்கு தடவை. இருபத்துநான்கும் நான்கு. தொண்ணூறு வினாடியில் மெதுவாகத் தட்டியபோதும் நான்கு, அறுபத்துமூன்று வினாடியில் பறந்தபோதும் நான்கு. வேகம் கூடினால் பிழை கூட வேண்டும், குறைந்தால் குறைய வேண்டும். மழை வந்தால் ஓடையில் தண்ணீர் ஏறுவதுபோல அது இயல்பு. இப்படி ஆணியடித்ததுபோல நிற்கிற எண் கையில் இருந்து வராது. யாரோ வைத்தால்தான் நிற்கும். மூன்றுக்கு மேல் போக வேண்டும், ஆனால் தம்பியை ரொம்பவும் மட்டம் தட்டவும் மனமில்லை என்று எண்ணுகிற ஒருவர் நான்கைத்தான் வைப்பார்.

மறுநாள் பின்னேரம் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அதுவரை போகாத வேகத்தில் தட்டினேன். இருபத்தொன்பதாவது எழுத்து வந்ததும் புத்தகத்தை விட்டுவிட்டு, ஆங்கில எழுத்தில் 'காலில் அட்டை' என்று பத்து எழுத்து அனுப்பினேன்.

பத்தாவது எழுத்து முடிவதற்குள் அக்கா பென்சிலைப் போட்டுவிட்டுப் பாவாடையைத் தூக்கி இரண்டு காலையும் உதறினாள்.

நான் தட்டுவதை நிறுத்தினேன். அவள் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அட்டை எங்கக்கா?" என்றேன்.

அவள் கீழே விழுந்த பென்சிலை எடுத்தாள்.

"அவ்வளவு வேகத்துல ஒரு எழுத்து வுடாம வாங்குற. அப்புறம் எப்படி நாலு பிழை?"

"கத்தாதடா."

"இருவத்திநாலு தடவ நாலு! நான் பெட்டரி மாத்தினேன். கைய வெட்டிப் போடலாமான்னு இருந்திச்சு எனக்கு!"

"கத்தாதடா தம்பி, அம்மா அடுப்படியில இருக்கா" என்றாள். அவள் முகத்தில் வெட்கமும் இருந்தது, சிரிப்பும் கொஞ்சம் இருந்தது. சொந்தத் தம்பியிடம் அட்டைக்குப் பயந்து மாட்டிக்கொண்ட சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

மறுநாள் காலை பீலியில் குடத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது காரணத்தைச் சொன்னாள். மாமா வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மாமன் மகனும் அதில் சேர்த்தி. நாங்களும் அங்கே எழுதினால் அவளும் அவரும் ஒரே நாட்டில் இருப்பார்கள். இங்கே எழுதினால் நடுவில் கடல்.

"அப்பாட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? 'மொதல்ல தம்பி வேல, அப்புறம் ஒன் கல்யாணம்'பாரு. கடல் தாண்டிப் பொண்ணு குடுக்கவும் மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா அவர?"

"அதுக்கு நான் தோத்தவனா இருக்கணுமா?"

"யாருக்குடா தெரியப் போவுது? எனக்குத் தெரியும், நீ பதினாலு. ஒனக்குத் தெரியும். போதாதா?"

போதாது. அறுபத்தெட்டு வயதில் உட்கார்ந்து யோசிக்கும்போது, ஒருவனுக்கு இரண்டு பேர் போதும் என்று தெரிகிறது. பன்னிரண்டில் தெரியவில்லை. எனக்கு அப்பாவின் 'ம்' மாற வேண்டும்.

அக்காவை நான் காட்டிக் கொடுக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல நினைத்துத்தான் இந்தக் குறிப்பையே தொடங்கினேன், ஆனால் எழுதிப் பார்த்தால் பெருமைக்கு ஒன்றுமில்லை. அப்பாவிடம், "அக்காவுக்குக் காதுல சளி, சரியா வெளங்கல. மாஸ்டர் ஐயாகிட்டயே நிறுத்துப் பாருங்க" என்றேன். நிறுத்துப் பார்க்கச் சொன்னால் அப்பாவால் மறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை அரைப் பேரைவிட்டு, அதாவது பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, என்னைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். அந்த வாரத்துக்குள் தாளை நிரப்பிக் கிளாக்கரிடம் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் தட்டும் இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள். கொழுந்து எடுத்து எடுத்து அவள் விரல் நுனிகள் கறுத்துச் சொரசொரவென்று இருந்தன.

"நாளைக்கு நாலு பிழ வுடுடா. நாலே நாலு. கையி நடுங்கிருச்சுன்னு சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல ஒங்கிட்ட."

"சரி" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். விட வேண்டிய இடங்களையும் கணக்குப் போட்டேன்: பதினைந்தாவது, முப்பதாவது, நாற்பத்தைந்தாவது, அறுபதாவது எழுத்து.

தபால் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கின் நுனியில் கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மப்ளர். வெளியே போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய அறிவித்தலில் எழுபது எழுத்தை எண்ணிப் பென்சிலால் கோடு போட்டு என் முன்னால் வைத்தார்.

"ஏன் கங்காணி எழுபது? பன்னிரண்டு சொல்லுக்கு அறுபது காணும்தானே?"

"கழிவு போவணுமுங்க ஐயா."

"இது என்ன, தேயிலையே?" என்று சிரித்தார். "சரி தம்பி, பயப்பிடாதையும். எனக்குக் காதும் பழசு, பொறுமையும் பழசு. தொடங்கும்."

உண்மையான தந்திக் கட்டையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அது தானாகவே மேலே எழும்பி என் விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. டின்மீன் தகரத்தோடு மாரடித்தவனுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா "ஆ" என்றார். தட்டினேன்.

பதினைந்தாவது எழுத்தில் ஒரு புள்ளியைக் கூட்டி விட்டேன். மாஸ்டரின் பென்சில் நிற்காமல் போயிற்று. முப்பதாவதில் ஒரு கோட்டை விழுங்கினேன். நாற்பத்தைந்தாவதில் மறுபடியும் ஒரு புள்ளி. அப்போது மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நல்லாகப் போன பையன் தடுமாறுகிறானே என்ற இரக்கம். பின்னால் அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவருடைய ஈரக் கம்பளியின் மணம் என் கழுத்தில் அடித்தது.

அறுபதாவது எழுத்து சுத்தமாக விழுந்தது.

விரல் வழுக்கிவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழுக்கியிருந்தால் பிழைதான் விழுந்திருக்கும். விரல் சரியாகத்தான் செய்தது. அதற்குப் பிறகும் எழுபது வரை பத்து எழுத்து இருந்தன. பத்தில் எதிலும் நான்காவது பிழையை விட்டிருக்கலாம். பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக, என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் தட்டாத சுத்தத்தில் தட்டினேன்.

"ஐம்பத்தெட்டு" என்றார் அப்பா.

மாஸ்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "மூண்டு பிழை."

"மூணுன்னா உள்ளுக்குத்தானுங்களே ஐயா?"

"உள்ளுக்குத்தான். கெட்டிக்காரன்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா கங்காணி, நான் சொன்னதைப் பெரிசா எடுத்துப்போடாதையுங்கோ. இவனுக்கு உத்தியோக வயது வர இன்னும் ஆறு வருஷம் கிடக்கு. அதுக்குள்ளை என்னென்ன மாறுமோ, ஆர் கண்டது" என்றார்.

அப்பா கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டிருந்தார். கொக்கி மாட்டவில்லை. அவருக்கு அது கேட்கவே இல்லை. எனக்குக் கேட்டது. நான் மூன்று என்ற எண்ணின் நினைப்பிலேயே இருந்தேன்.

திரும்பி ஏறும்போது மழை நான்காவது தடவை பெய்து விட்டிருந்தது. அப்பா எனக்கு இஞ்சி போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கித் தந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும், "கழிவு போகப் பன்னெண்டு நின்னுச்சு" என்றார். ஏழு பேரிடம். எட்டாவது ஆளாக வந்த கிழட்டுக் காவல்காரர், "பன்னெண்டு றாத்தலா? எந்த மலையில?" என்று கேட்டார், அப்பா அதற்கும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஒன்பதாவது நிரையில் அக்கா. தலையில் மழைக்குப் போட்ட படங்கு, முதுகில் கூடை. எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் அக்கா வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரலைக் காட்டினாள். நான்குதானே என்று கேட்கிறாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எண்ணைப் பற்றிய விஷயத்தில் என்னால் பொய் சொல்ல முடியாது. நான் மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் கையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையைக் கீழே போட்டுச் செடிக்குத் திரும்பினாள். அவள் எடுக்கும் வேகம் குறையவில்லை.

மறுநாள் அப்பா தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து மாமா குடும்பம், ஏழு உருப்படி, நானுஓயாவில் ரயிலேறியது. எங்கள் எல்லோருக்கும் தெரியும் அந்த ரயிலில் எப்படி அழுவார்கள் என்று. அதை நான் எழுதவில்லை. மாமன் மகன் ஜன்னல் வழியாக என்னிடம், "மாப்புள, கட்டைய வுட்டுறாத" என்றார். அக்காவிடம், ஏதாவது வழி பண்ணுகிறேன், காத்திரு என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் காத்திருந்தாள். அப்பா கொண்டுவந்த ஐந்து சம்பந்தங்களை வேண்டாம் என்றாள். இந்தியாவில் இருந்து நாற்பத்தொரு கடிதம் வந்தது.

என்னை எதற்காக இங்கே வைத்தார்களோ அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதற்கு வயது கடந்திருந்தது. கடைசியில் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றேன். தந்தி வேலையை அப்பா அதன் பிறகு வாயில் எடுத்ததே இல்லை. ஒரு குடும்பத்தை ஒரு பையனின் மணிக்கட்டில் வைத்து நிறுத்துவிட்டோமே என்று அவருக்கு எப்போதாவது தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

1975ஆம் ஆண்டு, நான் பதினெட்டு வயதில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் அறுபது ரூபாய். ராகலையில் இருந்து ஒரு லொறிச் சாரதியின் சம்பந்தம் வந்தது. ஆறாவது. அக்கா, "சரி" என்றாள். அன்றைக்கு மறுநாள் கடை திறக்கும் நேரத்தில் வந்து வெளியே நின்றாள். கையில் ஒரு பழைய கடித உறை, முகவரிக்காக.

"இதுக்கு ஒரு தந்தி குடுத்துட்டு வாடா."

"என்னன்னு?"

"காத்திருக்க வேணாம்னு."

"கடுதாசி போடலாமே அக்கா. காசு கொறையும்."

"கடுதாசின்னா அவரு பதில் போடுவாரு."

காசைக் கொடுக்கச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். நான் வாங்கவில்லை.

அதே ஐந்து படிகள். மாஸ்டர் வேறு ஆள். படிவத்தில் முகவரி ஏழு சொல், செய்தி ஆங்கிலத்தில் மூன்று சொல், அனுப்புபவர் பெயர் ஒரு சொல். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் கட்டையை இழுத்து வைத்துத் தட்டத் தொடங்கினார். நான் எண்ணவில்லை. எழுத்து எழுத்தாகத் தானாகவே காதில் விழுந்தது, அக்காவுக்கு விழுந்ததுபோல. செய்தி ஒன்பது எழுத்து. ஒரு பிழை விடட்டும் என்று நின்றேன். அவர் விடவில்லை.

"பதினொரு சொல், சொல்லுக்கு எழுபது சதம்" என்றார். ஏழு ரூபாய் எழுபது சதம்.